பிழைத்திருத்தம்

மதுரையிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.
பிளாஸ்டிக் கோப்பையில் கொடுத்த தண்ணீரை
நான் குடித்து முடிக்குமுன்
வெளிநாடு வந்துவிட்டது.
கல்யாணமாகி ஆறாம் நாள்.
கணவர் கனகவேல், சிவகாசியில் அச்சகம்.
அதுவரை என்னிடம் பேசியதை எண்ணிப் பார்த்தேன்:
ஜன்னல் பக்கம் நீ உட்காரு.
காது அடைக்குதா.
பாஸ்போர்ட் பத்திரம்.

பம்பலப்பிட்டியில் அறை.
சாவி தந்த பையன் கேட்டான்,
"புது மாப்பிள்ளை பொம்பிளையோ?
என்ன, ரெண்டு பேரும் கதைக்கிறியள் இல்லை?"
கதைக்க எங்களிடம் என்ன கதை இருந்தது?
பெட்டியைத் திறந்தால்
சட்டைகளுக்கு நடுவே பத்துக் கல்யாணப் பத்திரிகைகள்.
முடிந்துபோன முகூர்த்தத்துக்கு
கடல் தாண்டி யாரை அழைக்கக் கொண்டுவந்தார்?

சாயங்காலம் காலிமுகத்திடல்.
வடையின் மேல் முழு இறால், மீசையோடு.
அன்று வெள்ளிக்கிழமை.
எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது.
சொல்லவில்லை. கடித்தேன்.
அவரும் கடித்தார்.
அவர்கள் வீட்டிலும் கிடையாதாம், பிறகு தெரிந்தது.

கடற்சுவரோரம் வரிசையாகக் குடைகள்.
வெயிலும் இல்லை, மழையும் இல்லை.
ஒவ்வொன்றின் கீழும் நான்கு கால்கள்.
தாலியோடு வந்த எங்களுக்கு
ஒளிக்க ஒன்றுமில்லை, குடையும் இல்லை.
அப்போது பார்த்து மழை பிடித்தது.

"நனையப் போறியள், இஞ்ச வாங்கோ"
என்று ஒரு நீலக் குடை கூப்பிட்டது.
வெள்ளவத்தைப் பெண், யதுர்ஷிகா. பக்கத்தில் லஹிரு.
ஐந்து வருடமாம்.
அவள் வீட்டில் தெரியாது.
அவன் வீட்டில் தெரியும், அதனால் பேச்சு இல்லை.
அவனுடைய தமிழ் அவள் கொடுத்தது;
கோபச் சொற்கள் மட்டும் சுத்தமாக வந்தன.
நாலு பேருக்கும் முதுகு நனைந்தது.
குடைச்சாயம் அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"எவ்வளவு காலம் பழகினீங்கள்?"
பார்த்தது தையில், முடித்தது வைகாசியில் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"ரோட்டில கை பிடிச்சு நடக்கலாம், என்ன" என்றாள்.
நாங்கள் இன்னும் அப்படி நடந்திருக்கவில்லை.

இவர் தோள்பையிலிருந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்து
ஆளுக்கொன்றாக நீட்டினார்.
பிறகு மழையைப் பார்த்தபடி
காகிதத்தின் கனம், தங்க எழுத்து,
மூன்று மொழியில் அடிப்பதென்றால்
எதை மேலே வைப்பது, எதைப் பக்கத்தில் வைப்பது
என்று பேசிக்கொண்டே போனார்.
லஹிரு விலை கேட்கவில்லை.
தேதி இருந்தால்தானே விலை.
அரை மணி நேரம்.
நான் அந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யதுர்ஷிகா பத்திரிகையைக் கண்ணருகே பிடித்தாள்.
"அக்கா, நறுமுகை எண்டுதானே சொன்னீங்கள்?
இதில சின்ன ர போட்டிருக்கு."

எனக்குத் தெரியும்.
ஆயிரத்து இருநூறு வீடுகளுக்கு
என் பெயரில் வேறொருத்தி போயிருந்தாள்.
அப்பா தமிழாசிரியர்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தவர்
ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டார்.

"அடிச்சு முடிச்ச பிறகுதான் கண்ணுல பட்டுச்சு"
என்றார் இவர், கடலிடம்.
"திரும்ப அடிக்க நாளில்ல. ரெண்டு ராத்திரி தூங்கல.
எங்கயாவது வச்சு உன்கிட்ட சொல்லிடணும்னுதான்
பத்தைத் தூக்கிட்டு வந்தேன்."

லஹிருவுக்கு விளங்கவில்லை.
அவள் சிங்களத்தில் சொன்னாள், கொஞ்சம் நீளமாக.
"ரெண்டு ர எதுக்கு? எங்களுக்கு ஒண்டுதான்" என்றான்.
பேனா வாங்கி,
தன் பத்திரிகையின் பின்பக்கம், ஈரம் படாத மூலையில்
என் பெயரை எழுதி என்னிடமே தந்தான்.
மற்றதை அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"நாள் போனால் என்ன, மாதிரிக்கு."

இரவு அந்தச் சட்டையை ஊறவைத்தேன். நீலம் போகவில்லை.
கட்டிலில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு,
ஹோட்டல் பேனாவால் மிச்சம் எட்டையும்
திருத்திக்கொண்டிருந்தார்.
திருத்தட்டும் என்று விட்டேன்.
லஹிரு எழுதியதை மட்டும் கொடுக்கவில்லை.
அது என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.
அந்த வளைவுகளில் எது நான், எது பிழை என்று
எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாது.